பழைய சட்டைக்குப் பதிலாக வந்த இனிப்புப் பெட்டி: ஜப்பானில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி
எழுதியவர்: வேப்பம்பூ

அனைவருக்கும் வணக்கம். நான் சைத்தாமா மாகாணத்தில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். என் மகள் போகும் மழலையர் காப்பகத்தில் அவள் வகுப்பிலேயே நான்கு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய தாய் ஜப்பானியர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மணவிலக்குப் பெற்று அவனைத் தனியாக வளர்த்து வருகிறார். வாரநாட்களில் கடைகளுக்குப் பெட்டிச் சாப்பாடு கட்டி அனுப்பும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், சனிக்கிழமைகளில் ஒரு பேரங்காடியில் சரக்கு அடுக்குகிறார். காப்பகம் ஏழு மணிக்கு மூடப்படும். ஆறு ஐம்பத்தெட்டுக்கு அவருடைய சைக்கிள் வாசலில் வந்து நிற்கும். பையன் அதற்குள் காலணி மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆசிரியையின் கையைப் பிடித்தபடி கடைசி ஆளாக வெளிக்கதவருகே காத்திருப்பான். அவர் மூச்சு வாங்க ஓடிவந்து முதலில் ஆசிரியையிடம் குனிந்து மன்னிப்புக் கேட்பார். பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்.

சென்ற குளிர்காலத்தில், என் அக்கா மகனுக்குச் சிறிதாகிப்போன இரண்டு குளிர்ச்சட்டைகளைத் துவைத்து மடித்து அவரிடம் கொடுத்தேன். மூன்று முறை குனிந்து வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் மாலை எங்கள் வீட்டுக் கதவுப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே பெரிய கடையொன்றின் தாளில் சுற்றிய இனிப்புப் பெட்டியும், நன்றி எழுதிய சிறிய அட்டையும் இருந்தன. எதை வாங்கினாலும் பதிலுக்கு ஏதாவது செய்வது இங்குள்ள வழக்கம் என்பதை நான் அறிவேன். ஆனாலும், அந்தப் பெட்டியின் விலை அவருடைய ஒன்றரை மணி நேரக் கூலிக்குக் குறையாது என்று கணக்குப் பார்த்தபோது, உதவப் போய் அவருக்கு ஒரு செலவை இழுத்துவிட்டோமே என்று கூசிப்போனேன்.

இந்த நாட்டில் இவரைப் போன்ற தாய்மார்களை உண்மையில் நெருக்குவது எது, அரசு அவர்களுக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் அறிய விரும்புகிறேன். என்னைப் போல மொழியும் அரைகுறையாகத் தெரிந்த ஓர் அயல்நாட்டுப் பெண், அவருக்குக் கடன்சுமை ஏற்றாமல் என்ன செய்ய முடியும் என்பது என் இரண்டாவது கேள்வி. "நமக்கெதற்கு அடுத்தவர் வீட்டு விவகாரம்" என்கிறார் என் கணவர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி 1
எழுதியவர்: படித்துறை

வேப்பம்பூ, நீங்கள் கூச வேண்டியதில்லை. ஆனால் அந்த இனிப்புப் பெட்டியை மறந்துவிடவும் வேண்டாம். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. நான் டோக்கியோவை அடுத்த ஒரு நகராட்சியில் பதினொரு ஆண்டுகளாக வாரம் ஒருநாள் மொழிபெயர்ப்புத் தன்னார்வலராக உட்காருகிறேன். மணவிலக்குக்குப் பிறகு முதன்முறையாக அலுவலகத்துக்கு வரும் தாய்மார்களின் பக்கத்து நாற்காலி என்னுடையது. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜப்பானில் மணவிலக்கு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு தாள். பச்சைக் கோடு போட்ட கட்டங்கள் கொண்ட அகலத் தாளில் கணவனும் மனைவியும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டு நகராட்சியில் கொடுத்துவிட்டால், நீதிமன்றத்தின் வாசலை மிதிக்காமலே எல்லாம் முடிந்துவிடும். ஏறத்தாழ பத்தில் ஒன்பது மணவிலக்குகள் இப்படித்தான் நடக்கின்றன. பிள்ளையின் பராமரிப்புத் தொகையைப் பற்றி முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்கும் கட்டம் 2012 முதல் அந்தத் தாளில் இருக்கிறது என்றாலும், அதில் குறியிடாமல் கொடுத்தாலும் படிவம் ஏற்றுக்கொள்ளப்படும். சீக்கிரம் விட்டு விலகினால் போதும் என்ற மனநிலையில் நிற்கும் பெண், பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இழுத்தடிப்பானே என்று அஞ்சி அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறாள். 2021ஆம் ஆண்டின் நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, தாய் தனியாக நடத்தும் குடும்பங்களில் பராமரிப்புத் தொகை பற்றி ஏதேனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டவை 46.7 விழுக்காடு, அந்தத் தொகை இன்றுவரை கைக்கு வந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் 28.1 விழுக்காடு மட்டுமே.

அடுத்தது பெயர். மணவிலக்கானதும் பெண் தன் பழைய குடும்பப் பெயருக்குத் திரும்புகிறாள். பிள்ளையோ தந்தையின் குடும்பப் பதிவேட்டிலேயே, தந்தையின் குடும்பப் பெயரிலேயே இருந்துவிடுகிறான். வளர்ப்பவள் தாய்தான் என்று தாளில் எழுதியிருந்தாலும் பதிவேடு தானாக மாறுவதில்லை. குடும்ப நீதிமன்றத்தில் 800 யென் முத்திரைத்தாள் ஒட்டி மனுக் கொடுத்து, அனுமதி வாங்கி, அதைத் திரும்பவும் நகராட்சிக்குக் கொண்டுவர வேண்டும். இதற்காக அரைநாள் விடுப்புப் போட்டால் அரைநாள் கூலி போய்விடும். விடுப்புக் கிடைக்காததால் ஒன்றரை ஆண்டாக மருத்துவமனையில் தன் மகளை முன்னாள் கணவனின் பெயரால் கூப்பிடக் கேட்டு எழுந்து போய்க்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அரசு உதவியில் முதன்மையானது பிள்ளை வளர்ப்பு உதவித்தொகை. இதற்கான சட்டம் 1961இல் வந்தது. தனித் தந்தையருக்கு 2010இல்தான் கதவு திறந்தது. 2025ஆம் நிதியாண்டில், ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு முழுத்தொகை மாதம் 46,690 யென். அடுத்த பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தலைக்கு 11,030 யென் வரை உண்டு. மாதாமாதம் வராது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வரும். 2019 இறுதி வரை நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. அந்த நாட்களில் மூன்றாம் மாத இறுதியில் அலுவலகத்துக்கு வருபவர்களின் முகத்தைப் பார்த்தே, பணம் வர இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன்.

இதில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் பல. விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல்தான் கணக்குத் தொடங்கும்; ஓராண்டு தெரியாமல் இருந்துவிட்டால் அந்த ஓராண்டு போனது போனதுதான். முன்னாள் கணவன் தரும் பராமரிப்புத் தொகையில் எண்பது விழுக்காடு அவளுடைய வருமானமாகச் சேர்க்கப்படும். வாடகை கொடுக்க முடியாமல் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினால், அதே கூரையின் கீழ் இருக்கும் பெற்றோரின் வருமானத்தைக் காட்டி உதவித்தொகை நிறுத்தப்படலாம். ஒவ்வோர் ஆகஸ்டிலும் நிலவர அறிக்கை கொடுக்க வேண்டும். அப்போது வீட்டுக்கு யாராவது ஆண் வந்து போகிறாரா என்பது வரை கேள்வி போகும், ஏனென்றால் பதிவு செய்யாத கணவன் இருப்பதாகக் கருதப்பட்டால் உதவி நின்றுவிடும். கேட்கும் ஊழியர் பெரும்பாலும் இருபத்தைந்து வயது இளைஞர், அவரும் நெளிந்துகொண்டேதான் கேட்பார். மொழிபெயர்க்கும் எனக்குத்தான் அந்தக் கேள்வியை எந்தத் தமிழில் சொல்வது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

உங்களால் ஆகக்கூடிய ஒன்று, சேதி சொல்வது. நகராட்சியில் தனித் தாய் தந்தையருக்கென ஆலோசகர் இருக்கிறார். செவிலியர் போன்ற தகுதித் தேர்வுக்குப் படிக்கப் போனால், நகராட்சிக்குக் கட்டும் குடியிருப்பு வரி வராத வீட்டுக்குப் படிக்கும் காலத்தில் மாதம் ஒரு லட்சம் யென்னும் கடைசி ஆண்டில் அதற்குமேல் நாற்பதாயிரமும் கிடைக்கும். பிள்ளை வளர்ப்பு உதவித்தொகை வாங்குபவருக்கு ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வேயில் வேலைக்குப் போய்வரும் பயணச் சீட்டு முப்பது விழுக்காடு குறைவு. இந்தக் கடைசிச் சேதி தெரியாமல் முழு விலை கொடுத்து ஆண்டுக்கணக்கில் பயணம் செய்தவர்கள் ஏராளம். தெரிந்தவர் தெரியாதவரிடம் சொன்னால் யாரும் பதிலுக்கு இனிப்பு வாங்க வேண்டியதில்லை.


மறுமொழி 2
எழுதியவர்: நேர்க்கோடு

படித்துறை அவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார், நன்றி. இருந்தாலும் ஒரு சந்தேகம். உதவித்தொகை இருக்கிறது, மருத்துவச் செலவுக்கு நகராட்சி பொறுப்பேற்கிறது, படிப்புக்குப் பணம் தருகிறது. இவை போதவில்லை என்றால், வாழ வழியில்லாதவருக்கு அரசு தரும் வாழ்வாதாரப் பாதுகாப்பு உதவி என்று ஒன்று இருக்கிறதே, அதை வாங்கிக்கொண்டு இரண்டாவது வேலையை விடலாமே. பிள்ளையோடு இருக்க வேண்டிய சனிக்கிழமையில் சரக்கு அடுக்குவது அவரே தேர்ந்தெடுத்த வழிதானே. வளர்ந்த நாடு ஒன்றில் பக்கத்து வீட்டார் தலையிட வேண்டிய அளவுக்கு இது பெரிய இடர் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்நோக்கம் ஏதும் இல்லாமல்தான் கேட்கிறேன்.


மறுமொழி 3
எழுதியவர்: மேற்குச் சாளரம்

நேர்க்கோடு அவர்களே, கேள்வியைக் குறை சொல்ல மாட்டேன், இங்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகநலம் படித்தபோதுதான் என் எண்ணம் மாறியது.

உழைக்காதவர்கள் ஏழைகளாக இருப்பதை எந்த நாட்டிலும் காணலாம். ஜப்பானில் நேர்வது வேறு. இங்கே தாய் தனியாக நடத்தும் குடும்பங்கள் ஏறத்தாழ 12 லட்சம். அந்தத் தாய்மார்களில் 86.3 விழுக்காட்டினர் வேலைக்குப் போகிறார்கள் என்கிறது அதே 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. உலகின் எந்த அளவுகோலில் வைத்தாலும் இது மிக உயர்ந்த எண்ணிக்கை. ஆனாலும் அவர்கள் வேலையால் ஈட்டுவது சராசரியாக ஆண்டுக்கு 23.6 லட்சம் யென் மட்டுமே. தனித் தாயோ தந்தையோ நடத்தும் குடும்பங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் 44.5 விழுக்காடு. ஓடிக்கொண்டே இருந்தும் ஊர் போய்ச் சேராத நிலை இது.

காரணம் வேலையின் வகையில் இருக்கிறது. நிரந்தர ஊழியராக இருப்பவர்கள் பாதிக்கும் குறைவு. ஏனையோரில் பெரும்பகுதியினர் பகுதிநேர ஊழியர்கள். இங்குள்ள பெரிய நிறுவனங்கள் படிப்பு முடிந்த கையோடு ஆளெடுத்து, ஆண்டு கூடக் கூடச் சம்பளம் கூட்டிக்கொண்டே போகும் முறையில் வளர்ந்தவை. திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் நடுவே அந்த வரிசையிலிருந்து வெளியேறிய பெண், ஐந்து ஆண்டுக்குப் பின் திரும்பி வரும்போது வரிசையின் கடைசியில்கூட அவளுக்கு இடம் கிடைப்பதில்லை. மணிக்கூலியில்தான் சேர முடிகிறது. கணவனின் சம்பளத்தோடு சேர்த்துச் சிறுவருமானம் ஈட்டும் இல்லத்தரசியை மனத்தில் வைத்து நிர்ணயமான கூலி அது. கணவன் என்ற பாதியை எடுத்துவிட்டால் மீதி எப்படிக் குடும்பம் நடத்தும்? இதோடு, காப்பகத்தில் பிள்ளைக்கு 37.5 பாகை சூடு காட்டினால் உடனே தொலைபேசி வரும், தாய் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மாதத்தில் மூன்று முறை அப்படி ஓடியவரை நிரந்தரமாக்க எந்த மேலாளரும் முன்வருவதில்லை.

இப்போது வாழ்வாதாரப் பாதுகாப்பு உதவிக்கு வருகிறேன். தனித் தாய்மார்களில் அதை வாங்குபவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சொந்தக் கார் வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி; விதிவிலக்குகள் உண்டு என்றாலும் ஒவ்வொன்றையும் வாதாடித்தான் பெற வேண்டும். பேருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை வரும் ஊர்ப்புறத்தில் கார் இல்லாமல் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்கு எப்படிப் போவது? அதைவிடக் கொடியது உறவினருக்குப் போகும் கடிதம். உங்கள் மகளுக்கு நீங்கள் உதவ முடியுமா என்று கேட்டு நலத்துறை அலுவலகம் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் எழுதும். பத்தாண்டாகப் பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்கும், அடித்துத் துன்புறுத்திய உறவுக்கும் எழுத வேண்டியதில்லை என்று 2021இல் அரசு தளர்த்திக்கொடுத்தது. ஆனால் கடிதம் போகும் என்ற அச்சம் அதற்கு முன்பே ஊருக்குள் வேர்விட்டுவிட்டது. மணவிலக்கையே தாய்க்குச் சொல்லாமல் மூன்று ஆண்டு மறைத்து வைத்தவளைப் போய், கடிதம் போனால் போகட்டுமே என்று நாம் சொல்ல முடியாது. சனிக்கிழமைகளில் சரக்கு அடுக்குவது அந்தக் கடிதம் போகாமலிருக்க அவர் கொடுக்கும் விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சற்றுக் கிளைக்கதைதான். இந்த நாட்டில் கணவனை இழந்தவளுக்கும் கணவனை விட்டவளுக்கும் மணமாகாமலே தாயானவளுக்கும் நெடுங்காலம் ஒரே தட்டில் சோறு போடப்பட்டதில்லை. கைம்பெண்ணுக்கு ஓய்வூதியம் இருந்தது; வரிச்சலுகை அவளுக்கும் மணவிலக்கானவளுக்கும் இருந்தது. மணமாகாமலே தாயானவளுக்கு அந்த வரிச்சலுகை 2020ஆம் ஆண்டு வரிக் கணக்கிலிருந்துதான் கிடைத்தது. அதே வருமானம், அதே ஒற்றைப் பிள்ளை; திருமணம் என்ற ஒரு பதிவு இல்லாததால் அவள் அதுவரை கூடுதல் வரி கட்டினாள்.


மறுமொழி 4
எழுதியவர்: அரளி

இதுவரை பேசியதில் அயல்நாட்டுத் தாய்மார்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் ஜப்பானியரை மணந்து பிரிந்தவள். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மற்றவருக்குப் பயன்படும் என்பதால் என் கதையைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒரு தாளில் முடியும் மணவிலக்கு என்று படித்துறை அக்கா எழுதியிருக்கிறார் அல்லவா, அதன் மறுபக்கம் இது. கணவன் தானே மனைவியின் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டால், நகராட்சி அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்து நிறுத்துவதில்லை. அப்படி நடக்கக்கூடும் என்று எனக்கு முன்பே சொன்னவர் ஒரு ஃபிலிப்பைன்ஸ் தோழி. என் சம்மதம் இல்லாமல் மணவிலக்குத் தாளை ஏற்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது. அதற்குக் கட்டணமும் இல்லை. நான் போய்க் கொடுத்துவிட்டு வந்த இரண்டாம் வாரத்தில், தாள் ஒன்று வந்தது, ஏற்கவில்லை என்று அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிரிந்த பிறகு 14 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கணவரை நம்பி நின்ற விசா கையைவிட்டுப் போகும் என்று பயந்து அடியையும் பொறுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானியப் பிள்ளையை உரிமையோடு வளர்க்கும் அயல்நாட்டுத் தாய்க்கு நீண்டகால வசிப்பாளர் தகுதி தரலாம் என்று 1996இல் ஓர் அரசாணை வந்தது. அதன்படியே நான் இங்கு இருக்கிறேன். பிள்ளை வளர்ப்பு உதவித்தொகைக்கும் குடியுரிமை தடையில்லை, 1982 முதல் அயல்நாட்டினருக்கும் அது உண்டு. இந்த மூன்று செய்திகளை மட்டும் யாராவது எனக்கு முதல் ஆண்டிலேயே தமிழில் சொல்லியிருந்தால், நான் இரண்டு ஆண்டு முன்னதாக அந்த வீட்டை விட்டு வெளியேறியிருப்பேன்.

வேப்பம்பூ, ஒரு வேண்டுகோள். அவருக்கு "நீங்கள் பெரிய தைரியசாலி" என்று சொல்லாதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். தைரியசாலி என்று பெயர் வாங்கிய பிறகு, சளிக் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில்கூட ஒருவரிடமும் ஒன்றும் கேட்க முடிவதில்லை.


மறுமொழி 5
எழுதியவர்: அகப்பை

நான் பொதுவாக எழுதுவதில்லை, சமைப்பதோடு சரி. பிள்ளைகள் உணவகம் ஒன்றில் மாதம் இருமுறை கை கொடுக்கிறேன். ஜப்பானிய மொழியில் கொடொமோ ஷொகுடோ என்பார்கள். 2012இல் டோக்கியோவின் ஓதா வட்டாரத்தில் ஒரு காய்கறிக் கடைக்காரப் பெண்மணி தன் கடையில் தொடங்கியது. இன்று நாடெங்கும் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ சோறு கிடைக்கும், பெரியவர்கள் சில நூறு யென் கொடுப்பார்கள்.

எங்கள் இடத்தில் யார் ஏழை, யார் தனித் தாய் என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் "யாரும் வரலாம்" என்றுதான் எழுதி வைத்திருக்கிறோம். முதல் ஆண்டில் "உணவுக்குத் தவிக்கும் பிள்ளைகளுக்காக" என்று எழுதினோம். ஏழு பிள்ளைகள் வந்தார்கள். பலகையை மாற்றிய மாதம் நாற்பது பேர். அந்த நாற்பதில் முன்பு வராதிருந்த அதே வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கோடை விடுமுறையைக் கவனியுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பள்ளியில் நடந்துவிடும், விடுமுறையில் அது நின்றுவிடும். ஆகஸ்டில் எங்களிடம் அரிசி கேட்பவர்கள் தாங்களும் வெங்காயம் நறுக்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். நறுக்க விடுகிறோம். வெங்காயம் கொஞ்சம் தடிமனாகத்தான் வரும், சாம்பாருக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

உங்கள் தோழியைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களும் உங்கள் மகளோடு போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.


மறுமொழி 6
எழுதியவர்: நேர்க்கோடு

மேற்குச் சாளரம் எழுதியதைப் படித்த பின், சனிக்கிழமை பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஆயினும் தந்தையர் பக்கத்தையும் ஒரு வரி பேச வேண்டும். மணவிலக்குக்குப் பின் பிள்ளையின் மீதான உரிமை ஒருவருக்கே என்பதுதான் இங்கே நெடுங்காலமாக இருந்து வந்த சட்டம். பிள்ளையைப் பார்க்கவே விடாமல் பணம் மட்டும் கேட்டால் எத்தனை பேர் கொடுப்பார்கள்? 2024 மே மாதம் நிறைவேறிய குடும்பச் சட்டத் திருத்தம் இதை மாற்றுகிறது; 2026 ஏப்ரல் 1 முதல் இருவரும் சேர்ந்து உரிமை வைத்துக்கொள்ளலாம். இது நல்லதுதானே?


மறுமொழி 7
எழுதியவர்: படித்துறை

நல்லதாக அமையும் வீடுகளும் இருக்கும். பிரிந்தும் பேசிக்கொள்ளக்கூடிய இருவருக்கு அது உதவும். ஆனால் அலுவலகத்தில் என் பக்கத்தில் உட்காருபவர்களில் பலர், புது முகவரி முன்னாள் கணவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு படிவம் நிரப்புபவர்கள். பிள்ளையின் பள்ளியையும் அறுவை சிகிச்சையையும் அவனோடு கலந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? துன்புறுத்தல் நடக்கும் அச்சம் இருந்தால் நீதிமன்றம் ஒருவருக்கே உரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மூடிய கதவுக்குள் நடந்ததை மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் விழும் என்பதுதான் அவர்கள் கவலை. பணத்தையும் பிள்ளையைப் பார்ப்பதையும் நீங்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதையும் நான் ஏற்கவில்லை. பார்க்கவிட்டாலும் விடாவிட்டாலும் பிள்ளைக்குப் பசிக்கும்.

அந்தத் திருத்தத்தில் நான் மனமார வரவேற்பது வேறொரு பகுதியை. அந்த நாளுக்குப் பின் மணவிலக்குச் செய்பவர்களுக்கு, ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டாலும், பிள்ளை ஒன்றுக்கு மாதம் 20,000 யென் என்று ஓர் அடிப்படைத் தொகை சட்டப்படியே பிறக்கிறது. பச்சைத் தாளில் கட்டத்தைத் தாண்டிப் போனவளுக்கும் கையில் ஒரு பிடி இருக்கும். வேப்பம்பூவின் தோழி முன்பே பிரிந்தவர் என்பதால் இது அவருக்குப் பொருந்தாது. அவர் குடும்ப நீதிமன்றத்தில் சமரச மனுக் கொடுக்கலாம், பிள்ளை ஒருவனுக்கு 1,200 யென் முத்திரைத்தாள் போதும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீதிமன்ற ஆவணம் கையில் இருந்தால், தொகை வராதபோது முன்னாள் கணவனின் வேலையிடத்தையும் வங்கிக் கணக்கையும் நீதிமன்றத்தின் வழியே கேட்டறியும் உரிமை 2020 ஏப்ரலில் வந்திருக்கிறது.

நகராட்சி மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஹ்யோகோ மாகாணத்தின் அகாஷி நகரத்தைப் பாருங்கள். இசுமி ஃபுசாஹோ மேயராக இருந்தபோது, 2020இல், வராமல் நின்ற பராமரிப்புத் தொகையை நகராட்சியே முன்பணமாகத் தாய்க்குக் கொடுத்துவிட்டுத் தந்தையிடம் கேட்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அதே நகரத்தில் கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டுக்கும் மாதம் ஒருமுறை இலவச அணையாடைகளை ஒரு பெண்மணி நேரில் கொண்டுவந்து தருவார்; தரும் சாக்கில் தாயின் முகத்தையும் பார்த்துவிட்டுப் போவார். ஏழை வீடு, பணக்கார வீடு என்ற பேதம் இல்லாததால் கதவைத் திறக்க யாருக்கும் தயக்கமில்லை. அகப்பை அவர்களின் வாசல் பலகையைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

வேப்பம்பூவுக்கு இன்னொரு யோசனை. உங்கள் நகராட்சியில் குடும்பத் துணை மையம் என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். உதவ விரும்புவோரும் உதவி வேண்டுவோரும் அதில் உறுப்பினராகப் பதிந்துகொள்ள, பிள்ளையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவந்து சில மணி நேரம் பார்த்துக்கொள்வதற்கு மணிக்கணக்கில் ஒரு சிறு கட்டணம் கைமாறும். பல ஊர்களில் தனித் தாய்மாருக்கு அந்தக் கட்டணத்தில் பாதியை நகராட்சியே ஏற்கிறது. பணம் கொடுத்துப் பெறும் உதவி என்பதால் இனிப்புப் பெட்டிக்கு வேலை இருக்காது.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: வேப்பம்பூ

அனைவருக்கும் நன்றி. நடுவில் மூன்று வாரம் எழுதவில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

துணை மையத்தில் பதிவு செய்தேன். பயிற்சி வகுப்பு அடுத்த மாதம்தான். அதற்குள் வேறொன்று அமைந்தது. காப்பகத்திலிருந்து வாரந்தோறும் வரும் அறிவிப்புத் தாள்களைப் படிக்க நான் திண்டாடுவது வழக்கம். விளையாட்டு விழாவுக்கு எந்த நிறத் தொப்பி, குளியல் துண்டில் பெயரை எந்த மூலையில் தைப்பது என்பதெல்லாம் கன்ஜி என்னும் சீன வழி எழுத்தில் நெருக்கி அச்சடித்து வரும். சென்ற ஆண்டு என் மகள் மட்டும் தவறான தொப்பியோடு போய் நின்று அழுதாள். அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், எனக்கு இவற்றைப் படித்துச் சொல்ல முடியுமா, அதற்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் மகனையும் நானே அழைத்துவந்து ஏழரை வரை வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். இந்த முறை அவர் மூன்று தடவை குனியவில்லை. தாளை வாங்கி அங்கேயே படித்து, தொப்பி மஞ்சள் நிறம் என்றார். பிறகு, போன வருஷம் அழுதது உங்கள் மகள்தானா என்று கேட்டுச் சிரித்தார்.

ஜே.ஆர். பயணச் சீட்டுச் சேதி அவருக்குப் பயனில்லை, அவர் சைக்கிளில்தான் போகிறார். சமரச மனு பற்றிச் சொன்னபோது பேச்சை மாற்றிவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. அழைத்துச் செல்வோர் பட்டியலில் என் பெயரை, அயல்நாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா எழுத்தில் அவரே எழுதிக் கொடுத்தார்.

முதல் செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்குப் போனேன். உள்ளே இன்னும் பதினைந்து பிள்ளைகளாவது விளையாடிக்கொண்டிருந்தார்கள். பையன் காலணி மாட்டிக்கொண்டு என்னோடு வெளிக்கதவு வரை வந்தவன், நின்று, இத்தனை பேர் உள்ளே இருக்கும்போது தான் கிளம்புவதை இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.